ஐந்தாவது பிரதி

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மாதா கோயில் தெருவுக்குப் பின்புறம் இருக்கும் அந்த மஞ்சள் வீட்டின் முன்னால் சுப்ராயன் வண்டியை நிறுத்தினான். நிறுத்தினானே ஒழிய இறங்க மனம் வரவில்லை. பதினெட்டு வருஷமாக இந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறவன் அவன். நெரவியில் இருக்கும் வீட்டிலிருந்து காரைக்காலில் தன் வீடியோ கடைக்கு வர இதுதான் குறுக்குவழி. ஆனாலும் மழையோ வெயிலோ, ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போவான். கேட்டால் பெட்ரோல் பங்க் அந்தப் பக்கம் இருக்கிறது என்பான்.

முந்தின நாள் போன் வந்திருந்தது.

"கவியா வீடியோதானே? டிஸ்க் மேல உங்க நம்பர் இருந்துச்சு அங்கிள். எங்க அம்மா கல்யாண டிஸ்க். ஓடவே மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

பிரான்சில் வளர்ந்த பிள்ளைகளின் மழலைத் தமிழ். பெயர் சில்வி என்றாள். அம்மா பெயர் என்ன என்று சுப்ராயன் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அந்தக் குழந்தையின் ஞானஸ்நானத்தைப் படம் பிடித்தவனே அவன்தான்.

உயரமான மரக்கதவைத் தள்ளியதும் ஈர மரத்தின் வாடையும் வௌவால் புழுக்கை நாற்றமும் முகத்தில் அடித்தன. பல வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. விற்பதற்காகத் திறந்திருக்கிறார்கள். கூடத்து மேசைமேல் ஐந்து டிவிடி டிஸ்க்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். பதினெட்டு வயசு. அம்மாவின் அதே அகல நெற்றி.

ஒரு டிஸ்க்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மேலே மாப்பிள்ளை பெண் படம் அச்சடித்த வட்டக் காகிதம். அந்தக் காலத்தில் காரைக்காலிலேயே அவன் கடையில்தான் முதலில் அப்படி ஒட்டிக் கொடுத்தார்கள். ஊரே மெச்சியது. இப்போது காகிதம் சுருங்கி, பசை கசிந்து, வெள்ளிப் பூச்சைச் செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஊசியால் குத்திய மாதிரி நூறு ஓட்டை. அவற்றின் வழியாக மழை வெளிச்சம் தெரிந்தது.

"நூறு வருஷம் வரும்னு சொல்லித்தாம்மா நாங்க குடுத்தோம்" என்றான். "கம்பெனிக்காரன் எங்ககிட்ட அப்படித்தான் சொன்னான். கடக்கரை ஊரு. உப்புக் காத்து. பத்து வருஷம் தாக்குப் பிடிச்சாலே பெரிய விஷயம்."

"வேற எங்கயும் காப்பி இல்லையா அங்கிள்?"

"எதுக்கு இருக்கப்போவுது?"

குரல் மாடிப்படியிலிருந்து வந்தது. ஸ்டெஃபான் இறங்கி வந்துகொண்டிருந்தான். சில்வியின் அப்பா. தொப்பை போட்டிருந்தது, தலை நரைத்திருந்தது. கண் மட்டும் மாறவில்லை.

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தத எவன் வச்சிருப்பான்? அழிச்சிருப்பாங்க. இல்லியா சுப்ராயன்?"

சுப்ராயனின் இடது கையில் மடங்காத இரண்டு விரல்களும் தாமாகக் குளிர்ந்தன. ஆமாம் சார் என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அம்மா பேசி நான் கேட்டதே இல்ல அங்கிள். போட்டோதான் பாத்திருக்கேன். ஒரு வார்த்தை கேட்டா போதும்."

அவன் நாக்கில் எப்போதுமே சனி. தொழிலைப் பற்றி யாராவது குறைத்துப் பேசினால் முன்பின் யோசிக்காமல் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

"நான் எதையும் அழிக்கிற ஆள் இல்லம்மா. ஹார்ட் டிஸ்க்ல இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சில்வி கையைத் தட்டிச் சிரித்தாள். ஸ்டெஃபான் சிரிக்கவில்லை.

பிரெஞ்சுப் பிரஜை வீட்டுக் கல்யாணம் என்றால் காரைக்காலில் வீடியோக்காரனுக்குத் தாலி கட்டியதோடு வேலை முடியாது. மாப்பிள்ளை பிரான்சில், பெண் இங்கே. விசாவுக்கு மனுப் போடும்போது, இது காகிதத்துக்காகக் கட்டிய தாலி இல்லை, நிஜமாகவே குடும்பம் நடத்துகிறார்கள் என்று காட்ட வீடியோ கையில் இருப்பது நல்லது என்று அந்த வீடுகளில் ஒரு நம்பிக்கை. அங்கே கேட்பார்களோ மாட்டார்களோ, எடுத்து வைத்துவிடுவார்கள். பெண் சமைப்பது, இருவரும் கடற்கரையில் நடப்பது, சீமந்தம், பிள்ளைக்கு ஞானஸ்நானம். சில்வியின் அம்மா மாரிலினுக்கும் அப்படித்தான் வருஷம் பூராவும் எடுத்தான். "அண்ணே, என் மூக்கு பெரிசாத் தெரியாம எடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சிரிப்பாள்.

ஞானஸ்நானத்தன்று மாடிக் கூடத்தில் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தான். கீழே பந்தி. ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. அந்த நாளைப் பற்றி அவன் போலீசிடம் சொன்னது, கேமரா ஓடவே இல்லை என்று. பெண்டாட்டியிடம் சொன்னது, நிறுத்த மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன் என்று.

கேமராவில் பதிந்தது நாற்பத்தெட்டு விநாடி.

மாரிலின் படி முனையில் நின்று, "நான் வரல. புள்ளையையும் விட மாட்டேன்" என்கிறாள். ஸ்டெஃபான் அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொள்கிறான். இழுத்துக் கவிழ்த்து, மரப்படியின் விளிம்பில் அவள் நெற்றியை மோதுகிறான். முதல் அடிக்கு அவள் கத்துகிறாள். இரண்டாவதுக்கு அவன் பெயரைச் சொல்கிறாள். மூன்றாவதுக்குப் பிறகு அவளிடமிருந்து சத்தம் இல்லை. ஐந்தாவதில் கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் விட்டுப்போகின்றன. ஆறு. ஏழு. ரத்தம் படி படியாக இறங்குகிறது. தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டே இருக்கிறது.

மாரிலின் தவறி விழுந்தாள் என்று ஊர் நம்பியது. மாடியில் கேமரா நின்றது ஞாபகம் வந்து, மூன்றாம் நாள் ஸ்டெஃபான் கடைக்கு வந்தான். சுப்ராயனின் இடது கையைத் தரையில் வைத்து, அதன்மேல் ஷட்டரை இறக்கி, ஏறி மிதித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் சுப்ராயனுக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அழிச்சிட்டேன் சார், சத்தியமா அழிச்சிட்டேன்" என்று அழுதான்.

அழிக்கவில்லை. ஸ்டெஃபான் மறுபடி வந்தால் தன் உயிரைக் காப்பாற்ற ஒன்று வேண்டும் என்று பயந்தான். கேசட் பூஞ்சை பிடித்துவிடும் என்று ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினான். ஹார்ட் டிஸ்க்கும் மனுஷன் மாதிரிதான், நாலைந்து வருஷம் ஆனதும் எந்த நாளும் மாரடைக்கலாம். அதற்கு முன்னால் புதியதற்கு மாற்றிவிட வேண்டும். மாற்றினான். 2007 முதல் பிரதி, 2011 இரண்டாவது, 2015 மூன்றாவது, 2019 நான்காவது.

பிரதி என்றால் அச்சு அசல். ஒரு விநாடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இரண்டாவது பிரதி ஒரு நிமிஷம் பத்து விநாடி ஓடியது.

ஏழாவது அடிக்குப் பிறகு ஸ்டெஃபான் இறங்கிப் போகிறான். அசல் அங்கே முடியும். இதில் முடியவில்லை. விழுந்து கிடந்தவளின் விரல்கள் மெல்ல மடங்கின.

மூன்றாவது பிரதியில் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

நான்காவது மூன்று நிமிஷம் ஓடியது. நெற்றி இருந்த இடத்தில் நெற்றி இல்லாமல், அவள் எழுந்து கேமராவை நோக்கி நடந்து வந்தாள். சுப்ராயன் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். டிஸ்க்கைத் துணியில் சுற்றி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினான். ஆறு வருஷம் தொடவில்லை.

இந்த ஆடி மாசத்திலிருந்து பீரோவுக்குள் சத்தம் கேட்கிறது. சாகப் போகிற டிஸ்க் இப்படித்தான் உள்ளே தட்டும், அது அவனுக்குத் தெரியும். ஆனால் கரண்டு கொடுத்தால்தானே தட்டும்?

டக். டக். டக். டக். டக். டக். டக்.

ஏழு. பிறகு நிசப்தம். மறுபடி ஏழு.

மஞ்சள் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் காலையில் சில்வி கடைக்கு வந்தாள். கையில் புத்தம் புது ஹார்ட் டிஸ்க்.

"கல்யாணம், ஞானஸ்நானம் ரெண்டும் போட்டுடுங்க அங்கிள். பப்பாக்குச் சொல்ல வேணாம். ஏன்னே தெரியல, அன்னிலேர்ந்து ஒரே கோவம். நான் பட்டினத்துல அத்தை வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."

அவள் போனதும் சுப்ராயன் பீரோவைத் திறந்தான். துணி ஈரமாக இருந்தது. கடைக்குள் மூன்று சிமெண்டுப் படி ஏறினால் எடிட்டிங் அறை. அங்கே உட்கார்ந்து பழைய டிஸ்க்கை மாட்டினான். கணக்கு அவனைப் பொறுத்தவரை சுலபம். கல்யாணத்தைக் கொடுப்போம், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுவது வரை கொடுப்போம், பெண் அம்மா குரலைக் கேட்டுவிட்டு விமானம் ஏறட்டும். அந்த ஒரு ஃபைலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தேர்ந்தெடுத்தான். ஐந்தாவது பிரதி ஏறத் தொடங்கியது.

பாதி ஏறும்போது ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

உள்பக்கமாக.

"நீ அழிச்சிட்டேன்னு சொன்ன" என்றான் ஸ்டெஃபான். தலையிலிருந்து மழைநீர் சொட்டியது. கையில் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பி.

"சார், கல்யாணம் மட்டுந்தான் சார்..."

முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது. நாற்காலியோடு சுவரில் போய் மோதினான். இரண்டாவது அடி முழங்காலில் இறங்கியது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. ஸ்டெஃபான் அவனைத் தாண்டிப் போய் மேசைமேல் இருந்த டிஸ்க்கைப் பார்த்தான். டக், டக் என்று அது தட்டிக்கொண்டிருந்தது.

"இதுவா?"

கம்பியை ஓங்கினான்.

அப்போது திரையில் படம் தானாகத் திறந்தது.

மாடிக் கூடம். படி முனை. குழந்தையின் அழுகை. ஸ்டெஃபானின் கை அந்தரத்தில் நின்றது. தன் கையே ஒரு கூந்தலைச் சுற்றுவதை அவன் பார்த்தான். ஏழு வரைக்கும் பார்த்தான். மூன்று நிமிஷம் கடந்தது. மாரிலின் நடந்து வந்தாள். திரை முழுக்க அவள் வயிறும் சேலையும்தான் தெரிந்தது. பிறகு படம் ஆடியது. யாரோ கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட மாதிரி ஆடியது.

கேமரா படி இறங்கியது. மரக்கதவைத் தாண்டியது. மழை பெய்யும் தெரு. இன்றைய தெரு. நேற்று ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரில் நனைந்துகொண்டிருந்தது.

ஷட்டர்.

மூன்று சிமெண்டுப் படி.

ஒரு முதுகு. ஸ்டெஃபானின் முதுகு.

"யாரு?" என்றான் ஸ்டெஃபான், கிசுகிசுப்பாக. திரும்பினான். அறையில் யாரும் இல்லை.

அவன் தலைமுடி பின்பக்கமாக எழும்பியது. முறுக்கி யாரோ சுற்றிய மாதிரி கொத்தாக நின்றது. கழுத்து ஒடிய ஒடியப் பின்னால் வளைந்தது. கம்பி கையிலிருந்து நழுவியது. அப்படியே இழுபட்டுப் போய்ச் சிமெண்டுப் படியில் கவிழ்ந்தான்.

ஒன்று.

பற்கள் தெறித்துச் சுப்ராயனின் காலடியில் உருண்டன.

இரண்டு. "மாரி..." என்றான். மூன்றாவதுக்குப் பிறகு அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் தலை மெல்ல உயர்ந்தது. முகமென்று இருந்தது குறைந்துகொண்டே வந்தது. மறுபடி இறங்கியது. ரத்தம் சுவரில் போட்டோ ஃபிரேம்கள் வரை பீய்ச்சியது.

சுப்ராயன் அறையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான். அங்கே அவள் இருந்தாள். ஈரச் சேலை, வளையல் கை, கையில் சுற்றிய முடி. அவசரமே படாமல் செய்தாள். ஏழு வரைக்கும் அவன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

திரை இருண்டது. பழைய டிஸ்க் ஒரு தடவை கிறீச்சிட்டு நின்றுபோனது.

கடையின் சிசிடிவியை இன்ஸ்பெக்டர் நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். அதில் சுப்ராயன் அடிவாங்கிச் சுவரோரம் நாற்காலியில் கிடந்தான். ஸ்டெஃபான் தன்னந்தனியாக விழுந்தான், எழுந்தான், விழுந்தான்.

"ஏழு வாட்டிய்யா" என்றார். "ஃபிட்ஸ்தான் போல. வேற எப்படி எழுதறது? ஆமா, நீ ஏன் எழுந்து பிடிக்கல?"

"கையும் ஓடல காலும் ஓடல சார்."

அது உண்மைதானே என்று சுப்ராயன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சில்வியின் டிஸ்க்கைச் சோதித்தான். கல்யாணம் இருந்தது, ஞானஸ்நானம் இருந்தது, அந்த ஃபைல் இல்லை. மூன்று தடவை தேடிப் பார்த்தான். இல்லவே இல்லை. பழைய டிஸ்க் செத்துப்போய்விட்டது, ஸ்டெஃபானும் செத்துப்போய்விட்டான். அடக்கத்துக்கு மறுநாள் டிஸ்க்கைச் சில்வியிடம் கொடுத்தபோது, பாவி மனுஷனுக்கு மனசு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்குக் குறுக்குவழியில் வீட்டுக்குப் போனான்.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம், சில்வி கடைக்கு வந்தாள். மழை நின்றிருந்தது. அவள் உட்காரவில்லை.

"அம்மா குரல் கேட்டேன் அங்கிள்" என்றாள். "மூக்கு பெரிசாத் தெரியாம எடுங்கன்னு சொல்றாங்க. நூறு தடவை போட்டுக் கேட்டேன்."

"சந்தோஷம்மா."

"கடைசில இன்னொரு ஃபைல் இருந்துச்சு."

சுப்ராயன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"பப்பா செஞ்சதப் பாத்தேன்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். தேம்பினான். "நான் சாப்பிடப் போயிருந்தேன்மா. கேமரா அதுபாட்டுக்கு ஓடியிருக்கு. நான் இருந்திருந்தா விட்டிருப்பேனா? கொஞ்சம் முன்னாடி வந்திருந்தாக்கூட..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "ஆனா மூணாவது அடிக்கப்புறம் படம் கிட்டப் போவுது. மெதுவா, ஆடாம. அம்மா மூஞ்சி மட்டும் தெரியற வரைக்கும். ஸ்டாண்டுல சும்மா நிக்கிற கேமரா எப்படி அங்கிள் ஜூம் ஆவும்?"



அன்று சுப்ராயனின் வலது கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது அந்தச் சின்ன ஜூம் விசை. அதன் வழவழப்பு இப்போதும் விரலில் இருந்தது. கூடத்துத் தூண் மறைவில், ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் ஒட்டிவைத்து நின்றான். பயத்தில் செய்தானா, தொழில் புத்தியில் செய்தானா, அவனுக்கே தெரியாது. பத்தடி தூரம். கீழே ஐம்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கத்து கத்தியிருக்கலாம்" என்றாள் சில்வி. "தொட்டில்ல இருந்த நானே கத்தினேன்."

பையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஒரு காப்பி ஸ்டேஷன்ல குடுத்துட்டேன். ஒன்னு நான் எடுத்துட்டுப் போறேன். இது உங்களுக்கு. அழிக்கிற ஆள் இல்லன்னு சொன்னீங்கல்ல, வச்சிக்குங்க."

அவள் போன பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். தெருவில் பஸ் போனது, யாரோ மீன் விலை கேட்டார்கள். எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடி எங்கே போவது? கை தானாக டிஸ்க்கை எடுத்து மாட்டியது.

ஒரே ஒரு ஃபைல். எத்தனை நிமிஷம் என்ற இடத்தில் எண்கள் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தன.

திறந்தான்.

படி இல்லை, மாடிக் கூடம் இல்லை. எடிட்டிங் அறை. மேசை. கம்ப்யூட்டர். அதன் முன்னால் ஒரு ஆள், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். இன்று காலை மாட்டிய அதே கட்டம் போட்ட சட்டை.

சிசிடிவியைப் போலீஸ் கழற்றிக்கொண்டு போய் பத்து நாளுக்கு மேலாகிறது. கடையில் வேறு கேமரா கிடையாது.

சுப்ராயன் வலது கையைத் தூக்கினான். திரையில் இருந்தவனும் தூக்கினான்.

படம் ஆடாமல் நின்றது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அவன் பின்னந்தலையை நோக்கி ஜூம் ஆகத் தொடங்கியது.